நிற்கும் காரில் ஏசி: முன்னால் கண்டென்சர், பின்னால் சைலன்சர்

சித்திரை, வைகாசியில் சேலத்து மதிய வெயிலில் ஏசி இல்லாமல் காருக்குள் உட்கார முடியாது. ஜவுளிக்கடை வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் ஆளுக்காகக் காத்திருக்கும் வண்டிகள் ஸ்டார்ட்டிங்கிலேயே நிற்கும். அப்படிக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு கேள்விகள் உண்டு. ஓடும்போது ஜில்லென்று இருக்கிற ஏசி, நின்றதும் ஏன் வெறும் காற்றாக வருகிறது? ஏசியைப் போட்டுவிட்டு உள்ளேயே கொஞ்ச நேரம் கண் அசரலாமா?

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஓடுகிற காருக்குக் காற்று சும்மா கிடைக்கிறது. அந்தக் காற்று முன்பக்கம் கண்டென்சரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பின்பக்கம் சைலன்சர் புகையை அள்ளிக்கொண்டு போகிறது. வண்டி நின்றால் இரண்டு வேலையும் நின்றுவிடும். முன்னால் நடப்பது உடம்புக்கு உடனே தெரிந்துவிடும், வியர்க்கும். பின்னால் நடப்பது தெரியவே தெரியாது.

முதலில் முன்பக்கம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டினாற்போல் நிற்கும் மெல்லிய அலுமினியச் சட்டம்தான் கண்டென்சர். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் கேஸ் நல்ல சூட்டோடு இதற்குள் வந்து, வெளிக்காற்றிடம் சூட்டை இறக்கிவிட்டு, திரவமாகிக் கூலிங் காயிலுக்குப் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே இதைக் குளிர்வித்துவிடும். நின்றால் ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுதான் கதி. கம்ப்ரஸரும் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவதால், ஐடிலில் இன்ஜின் 750 முதல் 900 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே, நல்ல நிலையில் உள்ள ஏசிகூட நிற்கும்போது கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையலாம் என்பதுதான் விஷயம். கம்பி போன்ற தெர்மாமீட்டரை நடு வென்ட்டில் செருகி, கண்ணாடிகளை ஏற்றி, ரீசர்குலேஷனில் (காருக்குள் இருக்கும் காற்றையே சுற்ற விடும் நிலையில்) வைத்துப் பாருங்கள். வெளியே 38 டிகிரி இருக்கும்போது, ஓடுகையில் 5 முதல் 8 டிகிரி காட்டும் வண்டி நிற்கையில் 10 முதல் 14 வரை காட்டினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 18, 20 என்று ஏறினால் கோளாறு இருக்கிறது.

அப்படி ஏறும்போது பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது கேஸ் அடிப்பது. அதற்கு முன் ஒரு தினசரித் தாளை எடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டு, அரைத் தாளைக் கிரில்லுக்கு முன்னால் விரித்துப் பிடியுங்கள். ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் கிரில்லில் ஒட்டிக்கொள்ளும், கையை விட்டாலும் விழாது. லேசாக ஆடிவிட்டு விழுந்தால் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, அல்லது கண்டென்சர் அடைத்திருக்கிறது. தாள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால், யாரோ மோட்டாரை மாற்றும்போது வயரை மாற்றிச் சொருகியிருக்கிறார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. பார்வைக்கு ஓடுவது போலத்தான் இருக்கும், அதனால் இந்தத் தவறு சுலபத்தில் பிடிபடாது. ஒரு எச்சரிக்கை: இந்த ஃபேன் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. துப்பட்டா, முந்தானை, தொங்கும் ஐ.டி. கார்டு எதுவும் அருகில் போகக் கூடாது. பானெட்டுக்குள் கையும் போகக் கூடாது.

ஃபேன் சுற்றவே இல்லை என்றால் வரிசை இதுதான்: ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், கடைசியில் மோட்டார். பானெட்டுக்குள் உள்ள பெட்டியின் மூடியிலேயே எந்த ரிலே எதற்கு என்று படம் இருக்கும். பக்கத்தில் அதே எண்ணுள்ள வேறு ரிலே இருந்தால் இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. குறைந்த வேகம் ரெசிஸ்டர் வழியாக வருகிறது. அந்த ரெசிஸ்டர் எரிந்துபோனால் இன்ஜின் நன்றாகச் சூடாகி முழு வேகம் கேட்கும்வரை ஃபேன் அசையாது. 'கொஞ்ச நேரம் கூலிங் இல்ல, அப்புறம் தானா வருது' என்று சொல்பவர்களின் வண்டியில் இதைப் பார்க்க வேண்டும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் ஃபேனைக் கையால் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கும், ஆனால் கரண்ட் இருக்கும்போது அப்படித் தட்டக் கூடாது. இன்ஜினை நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே இறக்கை தடையில்லாமல் சுற்றுகிறதா என்று விரலால் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். கூலிங் குறைந்து நிற்கும் நேரத்தில் கண்டென்சர் மேல் ஸ்ப்ரே பாட்டிலால் முக்கால் லிட்டர் தண்ணீரைப் பூவாகத் தெளியுங்கள். அரை நிமிடத்தில் வென்ட் காற்று திடீரென்று குளிர்ந்தால் கேஸ், கம்ப்ரஸர் இரண்டும் பெரும்பாலும் சரி, சூடு வெளியேறாததுதான் சிக்கல். தண்ணீர் தெளித்தும் மாற்றமில்லை, ஆனால் ஆக்சிலேட்டரை 1,500 ஆர்பிஎம்முக்கு மிதித்ததும் குளிர்கிறது என்றால் பார்வையைக் கம்ப்ரஸர் பக்கமும் கேஸ் அளவு பக்கமும் திருப்புங்கள். எலக்ட்ரிக் ஃபேன் வேகத்துக்கும் ஆக்சிலேட்டருக்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் இந்தச் சோதனை நம்பத் தகுந்தது. கம்ப்ரஸர் சில விநாடிக்கு ஒருமுறை 'டக்... டக்' என்று சேர்ந்து விலகினால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். குறைந்த அழுத்தத்தில் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காக ஸ்விட்ச் அதை வெட்டி வெட்டி விடுகிறது.

கேஸ் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பானெட்டின் உள்பக்கத்திலோ ரேடியேட்டர் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் கேஸ் வகையும் கிராம் கணக்கும் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களில் ஆர் 134ஏ பெரும்பாலும் 350 முதல் 500 கிராம் வரைதான். அந்த எடையைத் தராசில் வைத்து ஏற்றுவதுதான் சரியான முறை. பழைய கேஸை எடுத்து, 20 முதல் 30 நிமிடம் வேக்குவம் போட்டு, முள் கீழே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்ற வேண்டும். மீட்டரில் லோ சைடை (கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் பக்கத்து அழுத்தத்தை) மட்டும் பார்த்து, பைப் ஜில்லென்று ஆகும்வரை ஏற்றுவது பழக்கமாகிவிட்டது. 50, 60 கிராம் கூடிப்போனால் நெடுஞ்சாலையில் ஒன்றும் தெரியாது. நின்றதும் ஹை சைடு (கம்ப்ரஸர் கேஸை வெளியே தள்ளும் பக்கம்) அழுத்தம் மேலே போய்க் கூலிங் செத்துவிடும். இன்னும் கேஸ் பத்தவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஏற்றினால் கேடு இரட்டிப்பாகும். 35 முதல் 40 டிகிரி வெயிலில், ஐடிலில் ஆர் 134ஏ வண்டிக்கு லோ சைடு 30 முதல் 45 பி.எஸ்.ஐ., ஹை சைடு 200 முதல் 275 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் ஆரோக்கியம். ஹை சைடு 350ஐத் தாண்டினால் காற்றோட்டம் இல்லை அல்லது கேஸ் அதிகம். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கி இரண்டும் நெருங்கியிருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. இந்த எண்களைத் தெரிந்துகொண்டு மெக்கானிக் பக்கத்தில் நின்றால் செலவு பாதியில் நிற்கும்.

கண்டென்சர் அடைப்புக்குச் சேலத்துக்கென்றே காரணங்கள் உண்டு. கருப்பூர், மாமாங்கம் பக்கம் மேக்னசைட் வெள்ளைத் தூசி. ஏற்காட்டில் காபித் தோட்டத்து சில்வர் ஓக் சருகு. இரண்டும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள விரல் அகல இடைவெளியில் போய் மெத்தை போலப் படியும். முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், அழுக்கு அதன் முதுகில் இருக்கும். மேலிருந்து இடைவெளிக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கழுவுவது இன்ஜின் ஆறிய பிறகு, தோட்டத்து ஹோஸ் அளவு வேகத்தில், முடிந்தால் உள்ளிருந்து வெளியே. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை ஒரு அடி தூரத்தில் வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் ஓலைப்பாய் போல மடிந்து படுத்துவிடும். பிறகு காற்று ஜென்மத்துக்கும் போகாது. இன்னொன்று, விபத்தில் முன்பக்கம் வேலை செய்த வண்டிகளில் கண்டென்சரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு, ரப்பர் தடுப்புகளைத் திருப்பி மாட்டாமல் விட்டுவிடுவார்கள். ஓடும்போது வித்தியாசம் தெரியாது. நிற்கும்போது ஃபேன் பின்னால் தள்ளிய வெந்த காற்றே ஓரத்து இடைவெளி வழியாக முன்னால் சுற்றி வந்து மறுபடி உள்ளே போகும். இருபது முப்பது ரூபாய் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினால் தீரும் குறை இது.

சூட்டு முள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவுக்கு மேல் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திறந்து புளோயரை வேகமாக வைத்தால் இன்ஜின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். சிவப்பைத் தொட்டுவிட்டால் இன்ஜினை நிறுத்தத்தான் வேண்டும். ரேடியேட்டர் மூடியைக் குறைந்தது அரை மணி நேரம் தொடாதீர்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு புளோயரை மட்டும் ஓட விட்டால் குளிர்ச்சி வராது, கம்ப்ரஸருக்குத்தான் ஓட்டம் இல்லையே. முழு வேகத்தில் புளோயர் 15 ஆம்பியர் வரை இழுக்கும், 35 ஏ.எச். பேட்டரி ஸ்டார்ட் எடுக்காத நிலைக்கு வந்துவிடலாம்.

இனிப் பின்பக்கம். சைலன்சர் வழியாக வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். 'என் வண்டி பி.எஸ். 6, புகைச் சோதனையில் பாஸ்' என்று தைரியம் கொள்பவர்கள் அந்தச் சான்றிதழையே எடுத்துப் பாருங்கள். பி.எஸ். 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு ஐடிலில் அனுமதித்த உச்சம் 0.3 சதவீதம். அதாவது 3,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 3,000 பங்கு). அந்த அடர்த்தியை நேராகச் சுவாசித்தால் சில நிமிடத்தில் தலைவலி, மயக்கம். அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். திறந்த வெளியில் அது கலந்து கரைந்துவிடும், மூடிய இடத்தில் சேரும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நல்ல நிலையில், சூடாக இருக்கையில் இதைவிட எவ்வளவோ குறைவாகத்தான் விடும் என்பது உண்மை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் அது வேலை செய்யும் சூட்டுக்கே வந்திருக்காது. டீசலில் அளவு குறைவு, இல்லாமல் இல்லை.

ஆகவே ஷட்டர் போட்ட ஷெட், சுற்றிலும் சுவர் எழுப்பிய போர்டிகோ, அடுக்குமாடிக் கட்டடத்தின் அண்டர்கிரவுண்டு பார்க்கிங், இங்கெல்லாம் இன்ஜினை ஓட விட்டு நிற்காதீர்கள். 'கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறேன்' என்பது காப்பாற்றாது. ஒரு பக்கம் மட்டும் திறந்த இடத்தில் காற்று உள்ளே போய் வெளியே வர வழி இல்லை.

ரீசர்குலேஷன் போட்டுவிட்டால் வெளிப்புகை வராது என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. வழித்தடத்தைப் பாதி மூடுகிறதே தவிர அது காரைப் பெட்டகமாக்குவதில்லை. கதவு ரப்பர், தரையில் உள்ள ரப்பர் மூடிகள், பின்விளக்கு வயர் போகும் ஓட்டை, பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுப்போக்கி மடல், எல்லாமே வாசல்கள்தான். வண்டிக்கு அடியிலேயே சைலன்சர் ஜாயின்ட் ஒழுகினால் புகை நேரே தரை வழியாக வரும். மாம்பழக் கூடையோ பிளைவுட்டோ ஏற்றிக்கொண்டு டிக்கியைக் கயிற்றால் கட்டிப் போகும் பழக்கம் இங்கே உண்டு. அப்படித் திறந்த டிக்கியோடு ஸ்டார்ட்டிங்கில் நின்றால் புகைக்கு வாசலைத் திறந்து வைத்த மாதிரி. மறுபக்கம், ரீசர்குலேஷனிலேயே நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் விடும் மூச்சிலேயே கார்பன் டை ஆக்சைடு ஏறி, தலை கனத்துத் தூக்கம் சொக்கும். நெரிசலில் முன்வண்டிப் புகை அடிக்கும்போது ரீசர்குலேஷன். திறந்த வெளியில் தனியாக நிற்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்று. குளிர் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

சைலன்சர் ஒழுகலைக் கண்டுபிடிக்கக் காலை நேரம் நல்லது. இரவெல்லாம் ஆறிய வண்டியை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த ஈரத்துணியால் குழாய் வாயை இரண்டு மூன்று விநாடி லேசாக மூட, இன்னொருவர் பக்கவாட்டில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'புஸ்... புஸ்' என்ற சத்தம் வரும் இடம் ஒழுகுகிறது. ஜாயின்டில் கரி படிந்த கறுப்புத் தடம் இருந்தாலும் அதே அர்த்தம். வேகத்தடையில் அடி தட்டிய வண்டிகளில் ஃபிளெக்சிபிள் பைப்பையும் கேஸ்கெட்டையும் முதலில் பாருங்கள்.

எங்கே, எப்படி நிறுத்துவது என்பதில் முன்பக்கப் பிரச்சினையும் பின்பக்கப் பிரச்சினையும் ஒரே தீர்வில் வந்து சேர்கின்றன. காற்று வரும் திசைக்கு வண்டியின் முகத்தைக் காட்டி நிறுத்துங்கள். கண்டென்சருக்குப் புதுக்காற்று கிடைக்கும், புகையும் பின்னால் போய்விடும். முதுகைக் காட்டி நின்றால் புகை வண்டிக்கடியில் ஊர்ந்து முன்னால் வந்து, வைப்பர் அடியில் உள்ள காற்று வாய் வழியாக உள்ளே ஏறும். கண்டென்சரும் தன் வெக்கையையே குடிக்கும். திசை தெரியவில்லை என்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டிக்கு முன்னால் ஒரு ஊதுபத்தியை ஏற்றிப் பிடித்தால் போதும். ஏற்காடு போன்ற மலையில் பகலில் காற்று சரிவில் மேலேறும், இரவில் கீழிறங்கும். மாலையில் சரியாக நிறுத்திய வண்டி ராத்திரி தவறாக நிற்கும். சைலன்சருக்குப் பின்னால் சுவரோ மண்மேடோ இருந்தால் குறைந்தது இரண்டு மீட்டர் விடுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தவே கூடாது. கன்வர்ட்டர் ஓடு பல நூறு டிகிரிக்குச் சூடாகும், மாசி பங்குனியில் மலையோரப் புல்லுக்கு அது போதும்.

கோடை விழா சமயத்தில் ஏற்காட்டில் ரூம் கிடைக்காமல் காரிலேயே படுப்பவர்கள் உண்டு. டிரைவர்களும் அப்படித்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே வார்த்தை: இன்ஜின் ஓடும் காரில் தூங்காதீர்கள். ஏசிக்காகவும் வேண்டாம், குளிருக்கு ஹீட்டருக்காகவும் வேண்டாம். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் என்று ஒரு முன்னறிவிப்பாவது கிடைக்கும், தூங்குபவருக்கு அதுவும் இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இரவுக்கு ஒரு கம்பளியும் எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டு விரல் திறப்பும் கொசுவலைத் துணியும் போதும். யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் முதலில் இன்ஜினை நிறுத்தி, ஆளைத் திறந்த வெளிக்கு இழுத்து, 108ஐ அழையுங்கள். 'கார் புகை' என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷத்தில் 98, 99 என்றே பொய் காட்டும், அதை நம்பிப் படுக்க வைத்துவிடக் கூடாது. சிகிச்சை முழு ஆக்சிஜன்.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஏசியின் வேலையே வேறு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, மே மாதக் கூட்டத்தில் வரிசை நின்றுவிட்டால், முன்வண்டியிலிருந்து ஒரு வண்டி நீளம் விட்டு நிறுத்தி ரீசர்குலேஷன் போடுங்கள். ஏறி வந்த சூட்டில் நின்றவுடன் முள் ஏறும், இரண்டு மூன்று நிமிடம் ஏசி இல்லாமல் ஐடிலில் விட்டு, பிறகு இன்ஜினையே நிறுத்திவிடுவது நல்லது. ஹேண்ட் பிரேக்கும் முதல் கியரும் கட்டாயம். வரிசை நகரும்போது ஸ்டார்ட் செய்த பிறகே பிரேக்கை விடுங்கள். இன்ஜின் ஓடாவிட்டால் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். பனிமூட்டத்தில் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏசி ஆன், வெளிக்காற்று, காற்று முன்கண்ணாடிக்கு, சூட்டுக் குமிழ் நடுவுக்கு மேல். வெளிப்பக்கம் மங்கினால் கண்ணாடி அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது, வைப்பரைப் போட்டு சூட்டைக் கூட்டுங்கள்.

செலவையும் சொல்லிவிடலாம். 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஏசியோடு ஐடிலில் மணிக்கு ஏறக்குறைய முக்கால் முதல் ஒரு லிட்டர் குடிக்கும். பி.எஸ். 6 டீசலில் எரிபொருளைவிட டி.பி.எஃப். (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தான் கவலை. தினமும் ஐடிலில் கிடக்கும் வண்டியில் கரி சேர்ந்து விளக்கு எரியும். அப்போது பைபாஸ் பக்கம் போய் 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 15 முதல் 20 நிமிடம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து சுத்தமாகும்.

குழந்தையை ஏசியோடு உள்ளே விட்டு 'ரெண்டு நிமிஷம்' என்று கடைக்குள் போவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐடில் இறங்கி இன்ஜின் அணைந்தாலோ கம்ப்ரஸர் வெட்டினாலோ வெயிலில் மூடிய கார் பத்தே நிமிடத்தில் ஆபத்தான சூட்டுக்கு வரும். கியரைத் தள்ளிவிடும், கதவைப் பூட்டிக்கொள்ளும் வயது அது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126ம் இதையே சொல்கிறது: பொது இடத்தில் நிற்கும் வண்டியின் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்திப் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்குப் புகைக் கவலை இல்லை. நின்றபடி ஏசி ஓட்டினால் மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் போகும். 30 யூனிட் பேட்டரியில் அது 3 முதல் 5 சதவீதம். ஹைபிரிட் கார்தான் ஏமாற்றும். ஏசி பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜ் இறங்கியதும் இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆகும். ஷெட்டில் நிறுத்தும்போது டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.